வகுப்பறைக் காற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக் கட்டடங்களுக்குள் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியவை இந்த இதழில் இடம்பெறுகின்றன. பள்ளிகளின் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தவர்களின் கடிதங்களில் அந்தப் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் வகுப்பை இந்த ஜூன் மாதம் புதிதாகக் கட்டிய ஏ.சி. அறைக்கு மாற்றினார்கள். அதிலிருந்து மதியத்துக்கு மேல் தலைவலி, கண் எரிச்சல், தூக்கக் கலக்கம் என்று தினமும் சொல்கிறாள். சனி, ஞாயிறுகளில் ஒன்றும் இல்லை. கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை. பள்ளியில் கேட்டால், ஏ.சி.யை சர்வீஸ் செய்துவிட்டோம் என்கிறார்கள். அறையின் காற்றுதான் காரணமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், தாம்பரம்

பதில்: தொல்லை எந்த இடத்தில் வருகிறது, எந்த நேரத்தில் தொடங்குகிறது, அந்த இடத்தை விட்டு வந்தால் எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்ற மூன்று விவரங்களும் தெரிந்துவிட்டால், கருவி எதையும் வாங்குவதற்கு முன்பே விசாரணை பாதி முடிந்துவிடும். அந்த மூன்றையும் நீங்கள் ஏற்கெனவே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை நாள்களில் தலைவலி இல்லை என்பது அந்த அறையைச் சந்தேகிக்கப் போதுமான காரணம். ஆனால் காற்றுதான் குற்றவாளி என்று முடிவு செய்ய அது மட்டும் போதாது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகத் தயங்கி, காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளமாக இருக்கிறார்கள்; அவர்களுக்கும் மதியத்துக்கு மேல் தலை வலிக்கும். ஆகவே மகளிடம் அதையும் கேளுங்கள். அடுத்து, அதே வகுப்பில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும், பழைய அறைகளிலேயே இருக்கும் வேறு பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோரையும் தனித்தனியாக விசாரியுங்கள். புதிய அறையில் பலருக்கும் இருந்து, பழைய அறைகளில் யாருக்கும் இல்லை என்றால் உங்கள் சந்தேகம் வலுவாகிறது.

ஏ.சி.யை சர்வீஸ் செய்துவிட்டோம் என்ற பதில் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை அறைக்குள் கொண்டுவருவதே இல்லை. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் இடையில் குழாய் வழியே ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டுமே; அறையில் உள்ள காற்றைத்தான் அந்தக் கருவி திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து வெளியிடுகிறது. பழைய அறையில் மின்விசிறியும் திறந்த ஜன்னல்களும் செய்துகொண்டிருந்த வேலையைப் புதிய அறையில் செய்ய எதுவும் இல்லாமல் போயிருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். 20 அடி நீளமும் 20 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள வகுப்பறையின் கொள்ளளவு ஏறத்தாழ 113 கன மீட்டர். உட்கார்ந்து பாடம் கேட்கும் ஒரு வளரிளம் பிள்ளை ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 14 லிட்டர். 40 பிள்ளைகள் இருந்தால் 560 லிட்டர். காற்று துளியும் வெளியேறாத அறையாக இருந்தால், ஒரே மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு ஏறத்தாழ 5000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 5000 பங்கு, உயர்ந்துவிடும். கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் கசிவு இருப்பதாலும் பாட வேளைகளுக்கு இடையே கதவு திறக்கப்படுவதாலும் நடைமுறையில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், மூடிய ஏ.சி. வகுப்பறையில் 2000, 3000 என்ற அளவுகளைக் காண்பது அரிதல்ல. வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420 பிபிஎம் மட்டுமே.

ம்யூனிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற அறிவியலர் 1858ஆம் ஆண்டிலேயே, மக்கள் தங்கும் அறையில் இந்த அளவு 1000 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார். 1000 அல்லது 2000 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடு நஞ்சு அல்ல என்பதை அவரும் அறிந்திருந்தார். பிறர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளமாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார். இன்றும் நாம் அந்த வாயுவை அளப்பது அதே காரணத்துக்காகத்தான். மூச்சு தேங்கும் அறையில் உடலிலிருந்து வரும் மற்ற ஆவிகளும், மேசை, பெயின்ட், தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து வரும் ஆவிகளும், சளிக் காய்ச்சல் கிருமிகளும் சேர்ந்தே தேங்குகின்றன.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது, அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடையே அளக்கும் ‘என்.டி.ஐ.ஆர்.’ வகை உணரி உள்ளதா என்று பாருங்கள். மலிவான சில கருவிகள் வேறு ஆவிகளை அளந்து அதிலிருந்து ஊகித்த எண்ணைக் காட்டுகின்றன. அவற்றை நம்ப முடியாது. கருவியை முதலில் திறந்தவெளியில் கால் மணி நேரம் வைத்து, 420க்கு அருகில் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். பிறகு பள்ளியின் அனுமதியோடு, வகுப்பின் நடுவில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில், ஜன்னலுக்கும் யாருடைய முகத்துக்கும் அருகில் இல்லாமல் வைத்து, முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகள் இல்லாத அறையில், கதவைத் திறந்துவைத்து எடுத்த அளவு எதையும் நிரூபிக்காது.

பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு கதவையும் ஜன்னலையும் வகுப்பு நேரத்தில் இருந்தது போலவே மூடிவைத்து, கருவியை மேலும் ஒரு மணி நேரம் அங்கேயே விட்டுவிட்டால் இன்னொரு பயனுள்ள விவரமும் கிடைக்கும். அளவு 2000இலிருந்து 1000ஆகக் குறைய ஒரு மணி நேரம் ஆனால், அந்த அறையில் வெளிக்காற்று மணிக்கு ஒரே ஒரு முறைதான் மாறுகிறது என்று பொருள். 40 பேர் உட்காரும் அறைக்கு இது மிகவும் குறைவு. ஒரு மாணவருக்கு விநாடிக்கு 7 லிட்டர் வெளிக்காற்றாவது கிடைத்தால்தான் அளவு 1000 பிபிஎம் அருகில் நிற்கும்; அந்தக் கணக்கின்படி இந்த அறையில் காற்று மணிக்கு ஒன்பது முறையாவது மாற வேண்டும்.

தீர்வு கடினமானதல்ல. ஒரு பக்கச் சுவரின் மேற்பகுதியில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, எதிர்ப்பக்கத்தில் வெளிக்காற்று நுழைய வழி விடவேண்டும். காற்று நுழையும் வழி இல்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டினால் அது பெரும்பாலும் வீணாகச் சுற்றும். அந்த வேலை முடியும்வரை ஒவ்வொரு பாட வேளைக்கும் நடுவில் எல்லா ஜன்னல்களையும் ஐந்து நிமிடம் திறந்துவைப்பதும், ஏ.சி. ஓடும்போதும் இரண்டு ஜன்னல்களைச் சற்றே திறந்துவைப்பதும் உதவும். மின் கட்டணம் கொஞ்சம் கூடும். அதைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை அடைத்துவைப்பதை நான் ஏற்க மாட்டேன். கொரோனா காலத்தில் இத்தாலியின் மார்க்கே பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, இயந்திரத்தின் மூலம் ஒரு மாணவருக்கு விநாடிக்கு 10 லிட்டருக்கு மேல் வெளிக்காற்று கிடைத்த அறைகளில், அத்தகைய இயந்திர வசதி இல்லாத அறைகளைவிடத் தொற்று அபாயம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஒரு காய்ச்சல் பருவத்தில் எத்தனை பிள்ளைகள் எத்தனை நாள் பள்ளிக்கு வர முடியாமல் போகிறது என்று எண்ணிப் பார்க்கும் நிர்வாகம் அந்த மின் கட்டணத்தைப் பெரிதாக நினைக்காது.

கேள்வி: எங்கள் பள்ளி வடசென்னையில், தொழிற்சாலைகளுக்கு அருகில் இருக்கிறது. சில நாள்களில் திடீரென்று காட்டமான நெடி வருகிறது. போன மாதம் சில பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் நெடி மறைந்துவிட்டது. எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்துவிட்டார்கள் என்றும் சிலர் பேசுகிறார்கள். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஓர் ஆசிரியை, சென்னை

பதில்: 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தொண்டை எரிச்சல், குமட்டல், மயக்கம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினரும் வந்து சோதித்தும் மூலம் எது என்பது உடனே தெரியவில்லை. நவம்பர் 4ஆம் தேதி பள்ளி மீண்டும் திறந்த அன்றே இன்னும் சிலருக்கு அதே தொல்லை வந்து, பள்ளி மறுபடியும் மூடப்பட்டது. இதற்கு நேர்மாறாக, 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மூலம் எது என்பது உடனே தெரிந்தது. குழாய் இருந்த இடத்தில் கடல்நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்குள் வந்துபோகும் வாயு அப்படி எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. நெடி வந்த வேளையில் கையோடு பதிவு செய்யாவிட்டால், பிறகு எத்தனை நவீன வண்டிகள் வந்து நின்றாலும் அவை அளப்பது அப்போதைய காற்றை மட்டுமே.

ஆகவே ஆசிரியர்களின் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். நெடி வந்த நேரம், எந்த மாடி, எந்த அறை, எந்தப் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருந்தன, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, முதலில் யாருக்கு என்ன ஆனது, அவர் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எத்தனை நிமிடத்தில் தணிந்தது என்று அப்போதே எழுதுங்கள். சில வாரங்கள் எழுதினால் ஒழுங்கு ஒன்று தென்படும். எப்போதும் கிழக்கு வரிசை அறைகளா, எப்போதும் கடற்காற்று திரும்பும் மதிய வேளையா, எப்போதும் கழிப்பறையை ஒட்டிய அறையா என்பதைப் பொறுத்துத் தேடவேண்டிய இடமே மாறிவிடும்.

வெளியிலிருந்துதான் வருகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளியிலும் கெட்ட வாயு உள்ளிருந்தே வரலாம். நீண்ட விடுமுறைக்குப் பிறகு கழிப்பறைத் தரையில் உள்ள நஹானி ட்ராப்பில் (தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாயுவைத் தடுக்கும் வடிகால் கிண்ணம்) தண்ணீர் வற்றிப்போயிருந்தால், சாக்கடை வாயு தடையின்றி மேலே வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே அது நின்றுவிடும். துப்புரவுப் பணியாளர் கழிப்பறைக்கு ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயு கிளம்பி, பக்கத்து வகுப்பில் இருப்பவர்களின் தொண்டையை எரிக்கும். இதை அவரிடம் கடிந்து சொல்லாமல், பொறுமையாக விளக்கிச் சொல்லவேண்டும். முதல் பாதிப்பு அவருக்குத்தான். வேதியியல் ஆய்வகம், செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய், ஜெனரேட்டர் அறை ஆகியவற்றையும் அதே நாளில் சுற்றிப் பாருங்கள். நெடி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுதியானால் மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடும்.

நெடி வரும் நேரத்திலேயே காற்றைப் பிடித்துவைக்கவும் முடியும். கடலூர் சிப்காட் பகுதியைச் சேர்ந்த ஊர்மக்கள் 2004ஆம் ஆண்டிலேயே, பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய சிறப்புப் பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தங்கள் மூக்கு சொன்னதற்கு ஆதாரம் தேடிக்கொண்டார்கள். உங்கள் பள்ளிக்கு நெடி அடிக்கடி வருமானால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் அத்தகைய மாதிரி எடுக்கும் ஏற்பாட்டையோ, தொடர்ந்து பதிவு செய்யும் கருவியையோ பள்ளிக்குள்ளேயே வைக்குமாறு எழுத்தில் கேளுங்கள்.

பயத்தால் பரவும் உடல் தொல்லை என்று ஒன்று இருப்பதை மருத்துவம் ஏற்கிறது. ஆனால் மற்றக் காரணங்களையெல்லாம் முறையாகத் தேடிப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம். அப்போதும் அந்தப் பிள்ளைக்கு வந்த வாந்தியும் மூச்சுத் திணறலும் உண்மையானவை. நடிக்கிறாய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இன்னொன்றையும் எல்லா ஆசிரியர்களும் மனத்தில் வைக்கவேண்டும்: வாயு கட்டடத்துக்குள் இருந்தால் பிள்ளைகளை உடனே வெளியே அழைத்துச் செல்லவேண்டும், வெளியிலிருந்து வந்தால் ஜன்னல்களை மூடி உள்ளே வைத்திருக்கவேண்டும். எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பள்ளி முன்பே முடிவு செய்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: மழைக்காலம் வந்தால் எங்கள் மாடி வகுப்பறைகளில் சுவர் முழுதும் ஓதம் காத்து, கரும்பூஞ்சை படிகிறது. ஒவ்வோர் ஆண்டும் சுண்ணாம்பு அடிக்கிறோம். அடுத்த ஆண்டு மீண்டும் வருகிறது. இளைப்பு உள்ள பிள்ளைகள் மிகவும் சிரமப்படுகிறார்கள். பூஞ்சையின் வகையைக் கண்டறிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா?
– ஒரு தலைமை ஆசிரியர், கடலூர் மாவட்டம்

பதில்: ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை எந்த வகையாக இருந்தாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றேதான். காற்றில் இத்தனை பூஞ்சை வித்துகள் வரை இருக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பும் இல்லை. அந்தச் செலவைக் கூரைக்குச் செய்யுங்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இளைப்பும் மூச்சுக்குழல் தொல்லைகளும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே விசாரணை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிறதா, மழைநீர்க் குழாயின் வாய் இலையாலும் குப்பையாலும் அடைபட்டிருக்கிறதா, தட்டோடுகளின் இடைப்பூச்சு பெயர்ந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். கறை சுவரின் மேற்பகுதியில் தொடங்கிக் கீழே இறங்கினால் கூரை ஒழுகுகிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை பட்டையாக நின்றால் அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. ஜன்னலின் கீழ் மூலைகளில் மட்டும் இருந்தால் சன்ஷேடு அல்லது ஜன்னல் சட்டத்தின் குறை. கழிப்பறைக்கு மறுபக்கச் சுவரில் இருந்தால் குழாய்க் கசிவு. இந்த நான்கில் எது என்று தெரியாமல் அடிக்கும் சுண்ணாம்பு அடுத்த மழை வரைதான் நிற்கும். மழைக்காலத்தில் எடுத்த படங்களைத் தேதியோடு வைத்துக்கொண்டு, கோடையில் பொதுப்பணித்துறைப் பொறியாளர் வரும்போது காட்டுங்கள். ஏப்ரல் மாதத்துக் காய்ந்த சுவர் அவருக்கு எதையும் சொல்லாது.

கசிவை நிறுத்திய பிறகு, சுவரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி முழுமையாக உலரவிட்டு, அதன் பின்னரே பூச்சு வேலை செய்யவேண்டும். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டக்கூடாது. வித்துகள் அறை முழுதும் பறக்கும். செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணியட்டும். பிள்ளைகளை இந்த வேலையில் ஒருபோதும் ஈடுபடுத்தாதீர்கள். வெள்ளத்தில் நனைந்த புத்தகக் கட்டுகள், தேங்காய் நார்ப் பாய்கள், பிளைவுட் அலமாரிகள் முதலியவற்றை இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாவிட்டால் அப்புறப்படுத்திவிடுங்கள். இளைப்பு உள்ள பிள்ளைகளை அதுவரை காய்ந்த அறைக்கு மாற்றுவது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். அதற்கு யாருடைய உத்தரவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளி நெரிசலான சாலையை ஒட்டி இருக்கிறது. பெற்றோர் சேர்ந்து பணம் போட்டு எல்லா வகுப்புகளுக்கும் ஏர் ப்யூரிஃபையர் வாங்கித் தரலாமா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், கோயம்புத்தூர்

பதில்: பணம் சேர்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள். நுண்துகள், அதாவது பிஎம் 2.5, ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் 2009ஆம் ஆண்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15 மட்டுமே. இரண்டுமே வெளிக்காற்றுக்கானவை, வகுப்பறைக்கென்று சட்டத்தின் பிடியுள்ள வரம்பு நம் நாட்டில் இல்லை. ஆகவே ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை எடுத்து, ஒன்றை வகுப்புக்குள்ளும் இன்னொன்றை வெளித் தாழ்வாரத்திலும் ஒரே நேரத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் தூசு வெளியிலிருந்து வருகிறது. உள்ளே இருப்பது மட்டும் ஏறினால் மூலம் அறைக்குள் இருக்கிறது. மலிவான கருவிகள் ஈரப்பதம் மிகுந்த மழை நாளில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பல பள்ளிகளில் வெளித்தூசு உச்சத்தைத் தொடுவது காலையில் பிள்ளைகளை இறக்கும்போதும் மாலையில் ஏற்றும்போதும்தான். வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் இன்ஜினை அணைக்காமல் வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே வரிசையாக நிற்பது அதற்கு ஒரு காரணம். இன்ஜினை அணைக்கச் சொல்வதற்கும், நிறுத்துமிடத்தைக் கட்டடத்திலிருந்து தள்ளி வைப்பதற்கும் செலவு கிடையாது. டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்த ஜன்னலை நோக்கி இருக்கிறது என்பதையும் அன்றே பாருங்கள். அதைக் கூரைக்கு மேல் உயர்த்துவது ப்யூரிஃபையர்களைவிடப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

இவ்வளவும் செய்த பிறகும் நுண்துகள் மிகுதியாகவே இருந்தால் ப்யூரிஃபையர் பயன்படும். மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ளதாகவும், வகுப்பறையின் அளவுக்கு ஏற்றதாகவும் வாங்கவேண்டும். படுக்கையறைக்கான சிறிய கருவி 40 பேர் இருக்கும் அறையில் எதுவும் செய்யாது. ஓசோன் வெளியிடும் கருவிகளை அறவே தவிர்த்துவிடுங்கள். ஓசோனே நுரையீரலுக்குக் கேடு. வடிகட்டி மாற்றுவதற்கு ஆண்டுதோறும் யார் பணம் தருவார்கள் என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ப்யூரிஃபையர் தூசைத்தான் பிடிக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. அதை நம்பி ஜன்னல்களை நிரந்தரமாக மூடினால் தாம்பரத்துத் தாய் எழுதியிருக்கும் அதே நிலைமைக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

கேள்வி: சாக்பீஸ் தூள் நுரையீரலைக் கெடுக்குமா?
– ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: சாக்பீஸ் தூளில் பெரும்பகுதி பருமனான துகள்கள், அவை மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். இளைப்பு உள்ளவருக்கு அதுவும் எரிச்சல் தரும் என்பதால் பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். டஸ்டரை ஜன்னல் கம்பியில் தட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். வகுப்பைப் பெருக்குவதைக் காலையில் முதல் மணிக்கு முன்பு வைத்துக்கொள்ளாமல் மாலையில் எல்லோரும் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; சாக்பீஸைவிட அந்தத் தூசு அதிகம்.

கேள்வி: பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் வகுப்பறைகளில் பெயின்ட் வாசனை தாங்க முடியவில்லை. சில அறைகளில் கொசுவர்த்தியும் ஏற்றிவைக்கிறார்கள். இவை பரவாயில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் கூடாது. பெயின்ட் வேலையை மே மாதத் தொடக்கத்திலேயே முடித்து, பள்ளி திறக்கும்வரை ஜன்னல்களைத் திறந்துவைத்தால் வாசனையின் பெரும்பகுதி போய்விடும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு மேசைகளின் கதை வேறு. அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் வெளிவரும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் அதிகமாக வரும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. வாங்கும்போதே அந்த வாயு குறைவாக வெளிவரும் பலகையா என்று விற்பவரிடம் சான்று கேளுங்கள். அறைக்கு வாசனை ஸ்பிரே அடிப்பது இந்தத் தொல்லையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் அடித்த எனாமல் பெயின்ட்டில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசு சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. நனைத்துத்தான் தேய்க்கவேண்டும், பிள்ளைகள் வளாகத்தில் இருக்கும்போது தேய்க்கவே கூடாது.

கொசுவர்த்தியைப் பற்றி 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளிவரும் நுண்துகள், பிராண்டைப் பொறுத்து 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கண்டது. மூடிய வகுப்பறையில் அதை ஏற்றிவைப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும், தேங்கிய தண்ணீரை அகற்றுவதும் போதும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது. உடனே இறக்கிவிடலாமா?
– ஊராட்சி உறுப்பினர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவசரப்பட்டு உடைத்து இறக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இழை புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. சிமென்டுக்குள் இறுகியிருக்கும் முழு ஷீட்டிலிருந்து இழை அவ்வளவாகப் பறப்பதில்லை. துளையிடும்போதும், அறுக்கும்போதும், சுத்தியலால் உடைக்கும்போதும், பழசாகிப் பொரியும்போதும்தான் பறக்கிறது. விடுமுறையில், தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்குங்கள். உடைந்த துண்டுகளை வழித்தடத்துக்கு நிரவப் பயன்படுத்தக் கூடாது. அதுவரை அந்தக் கூரையில் ஃபேன் கொக்கி, ஒயர் எதற்காகவும் புதிதாகத் துளை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொடுத்தும் நிர்வாகம் அசையவில்லை என்றால் யாரிடம் போவது?
– பெற்றோர், திருச்சி

பதில்: அரசுப் பள்ளியாகவோ அரசு உதவி பெறும் பள்ளியாகவோ இருந்தால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். அரசுப் பள்ளியில், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் கடமை; உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். எக்ஸாஸ்ட் ஃபேன், கூரைப் பழுது, ஜன்னல் மாற்றுதல் ஆகியவற்றை அந்தத் திட்டத்தில் தீர்மானமாக எழுதிச் சேர்த்தால், பிறகு வரும் ஒவ்வொரு அதிகாரியிடமும் காட்டுவதற்கு உங்களிடம் ஓர் ஆவணம் இருக்கும். தனியார் பள்ளியானால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மனு கொடுக்கலாம். வெளியிலிருந்து வரும் புகை, நெடி என்றால் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அரசு அலுவலகத்தில் உள்ள ஆய்வு அறிக்கைகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்.

மனுவில் குற்றச்சாட்டுகளை அடுக்காதீர்கள். எந்த அறை, எந்தத் தேதிகள், எத்தனை பிள்ளைகள், அளந்தது எந்தக் கருவியால், எண் என்ன, வெளியே அதே நேரத்தில் எண் என்ன, கேட்கும் மாற்றம் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஜன்னல்களின் பரப்பையும் அளந்து சேர்க்கலாம்: வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் ஜன்னல் முதலிய திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 400 சதுர அடி வகுப்பறையானால் கதவு நீங்கலாக ஏறத்தாழ 67 சதுர அடி. டேப்பும் பென்சிலும் எடுத்துப் போனால் ஒரே மாலையில் பள்ளி முழுதையும் அளந்துவிடலாம். அலமாரி வைத்து மறைத்த ஜன்னலையும், ஆணி அடித்து மூடிய ஜன்னலையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.